கழுத்தில் கிடந்த கறுப்பு நூல்

இந்தக் கதையை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. ஒரு விவரம் நழுவினாலும் பரிசு வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் மெதுவாகச் சொல்கிறேன். நீங்களும் மெதுவாகக் கேளுங்கள்.

கடலோரத்தில் ஓர் ஊர். உப்பு மேடுகளின் வெண்மையில் அங்கே பகலும் நிலவுபோலத்தான் இருக்கும். அந்த ஊரில் சௌந்தரிக்கு ஒரே மகள், நிரஞ்சனா. வயது பதினைந்து. அவளுடைய பின்கழுத்தில் மெல்லிய கறுப்பு ஒன்று வளையமாகப் படர்ந்தது. அழுக்கு என்று நினைத்த சௌந்தரி, பயத்தமாவு, எலுமிச்சை, பீர்க்கங்கூடு என்று வாரந்தோறும் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

ஒரு பிற்பகல் தூக்கத்தில் அவளுக்குக் கனவு வந்தது. மகள் கழுத்தில் கிடப்பது ஒரு கறுப்பு நூல். அதன் மறுநுனி நெஞ்சுக்குள் இறங்கி இதயத்தைச் சுற்றியிருக்கிறது. கடலுக்கு அடியிலிருந்து யாரோ அதை மெல்ல, மிக மெல்ல இழுக்கிறார்கள். விழித்ததும், "இந்த நூலை அவிழ்க்கிறவங்களுக்கு என் முத்து மூக்குத்தி" என்று வேண்டிக்கொண்டாள்.

முதலில் வந்தவள் தையல்காரி ஸ்டெல்லா. பாவாடை சட்டைக்கு அளவெடுத்தவள் நாடாவைச் சுருட்டாமல் யோசித்தாள்.

"அக்கா, உயரம் அப்படியேதான் இருக்கு. இடுப்பு மட்டும் ஒரே வருஷத்துல மூணு தடவை பிரிச்சாச்சு. கழுத்தும் கறுத்துக் கிடக்கு. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"எம்பிள்ளை நல்லா சாப்பிடுறது உனக்குப் பொறுக்கலையா? கண்ணு வைக்காதே. கழுத்து மறையிற மாதிரி காலர் வச்சுத் தை, போதும்."

ஸ்டெல்லா அழகான காலர் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்தவள் பூக்காரி பவளம். பூ வைப்பதற்காக நிரஞ்சனாவின் பின்னலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"இது அழுக்கு இல்லைக்கா. எங்க அண்ணன் மகனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. ரத்தத்துல சர்க்கரை ஏறப்போகுதுன்னு டாக்டர் சொன்னாரு."

சொல்லும்போதே அவள் பார்வை சௌந்தரியின் தாழ்ந்த கொண்டைமேல் ஒரு கணம் தங்கி நகர்ந்தது.

"பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குச் சர்க்கரையா? இனிமே இந்த வாசப்பக்கம் வராதே!"

"வரலைக்கா. ஆனா ரத்தம் பாக்கிறவரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

மறுநாள் தெருமுனையில் நின்று கேட்டாள், "பாத்தீங்களாக்கா?" அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒன்பதாம் நாள், அவள் வாயை அடைப்பதற்காகவே சௌந்தரி சோதனைக்குச் சம்மதித்தாள். ஆனாலும் பயம் விடவில்லை. சோதனைக்கு முந்தைய வாரம் முழுக்கப் பாட்டில் பானத்தையும் மிட்டாயையும் ஒளித்துவைத்து, மகளுக்கு மோரும் கீரையுமாகக் கொடுத்தாள்.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் நல்லபடியாகவே இருந்தது. செவிலி ராபியாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"போன வாரம் என்னம்மா சாப்பிட்டே?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே நிரஞ்சனா உண்மையைச் சொல்லிவிட்டாள். ராபியா சிரித்தாள். "ரத்தம் மூணு மாசத்தை ஞாபகம் வச்சிருக்கும்மா" என்று மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி பார்த்தாள். ஆறு புள்ளி ஒன்று; ஐந்து புள்ளி ஏழுக்குக் கீழே இருக்க வேண்டியது.

"நோய் இன்னும் வரலை, வாசல்ல நிக்குது. கொழுப்பும் கூடியிருக்கு. இப்படியே விட்டா பின்னால இதயத்தைப் பிடிக்கும். இப்பவே திரும்பினா திரும்பிடலாம்."

நிரஞ்சனா திரும்பினாள். பாட்டிலை விட்டாள், இனிப்பைக் குறைத்தாள், மாலைதோறும் உப்பளக் கரையில் நடந்தாள். ஒரு வருஷத்தில் எண் இறங்கியது. கழுத்தின் கறுப்பும் விடியல்போல மெல்ல வெளுத்தது.

மூக்குத்தியோ ஒன்றுதான். முதலில் கண்டவள் ஸ்டெல்லா. இன்னதென்று சொன்னவள் பவளம். நிரூபித்துக் காட்டியவள் ராபியா. இந்த மூவரில் மூக்குத்தி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பவளத்துக்கு. ராபியா செய்தது அவள் வேலை. ஸ்டெல்லா தான் கண்டதைத் தன் கையாலேயே காலர் வைத்து மூடினாள். நடந்தவள் நிரஞ்சனா, அவளுக்கு அவள் கழுத்தே பரிசு. வாசலை இழந்த பிறகும் கேட்பதை நிறுத்தாதவள் பவளம் ஒருத்திதான். ஆனால் மூக்குத்தியை நீட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். "நான் மூக்கே குத்தலையேக்கா! ஏதாவது தரணும்னா அந்தக் கொண்டையைக் கொஞ்சம் தூக்குங்க." சௌந்தரி தூக்கினாள். மகளை விட்டுப் போன அதே கறுப்பு அங்கே இருந்தது. அந்த வாரம் அவள் எதையும் ஒளிக்காமல் வழக்கம்போலச் சாப்பிட்டாள். பிறகு ஒரு காலையில் வெறும் வயிற்றோடு போய், ராபியாவின் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.