பின்சக்கரத்தில் ஒரு பச்சை நூல்

கேட்பவர் முன்னரே அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. திண்டுக்கல்லில் ஓர் இளைஞர் மன்றம் ஆண்டுதோறும் மரவண்டிப் பந்தயம் நடத்தியது. வண்டி ஒரு சாண் நீளம். அதற்கு இயந்திரம் கிடையாது. சாய்ந்த பலகையின் உச்சியில் வைத்துத் தடையை விலக்கினால், தன் எடையால் தானே இறங்கி ஓடும். எவரும் தம் வண்டியைத் தள்ளிவிடலாகாது என்பதற்காக, ஒருவருடைய வண்டியை அவருடைய எதிராளியே ஏணி ஏறிக் கொண்டுபோய் வைப்பார். வென்றவர், வண்டி ஓடக் காரணமான ஒருவரிடம் அந்த வண்டியையே கொடுத்து, "இது உங்களால் ஓடியது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பரிசுக் கோப்பை அடுத்தவருக்குப் போகும்.

அவ்வாண்டின் இறுதிச் சுற்றில் மாதங்கியும் செபஸ்தியானும் மோதினர். இருவரும் மரவேலை ஆசிரியை கமலவேணியிடம் பயின்றவர்கள். உச்சியில் நின்று தடையை விலக்குபவரும் அவரே.

மாதங்கி செபஸ்தியானின் வண்டியை வைத்துவிட்டு இறங்கினாள். பிறகு அவன் அவளுடையதை ஏந்தி ஏறினான். ஏறியவன் நெடுநேரம் குனிந்தே நின்றான்.

"டேய், அங்க என்னடா நோண்டுற?"

"உன் வண்டிக்குத் தலை வாரிவிடுறேன்!"

கூட்டம் சிரித்தது. மாதங்கி சிரிக்கவில்லை.

"வச்சிட்டுக் கீழ இறங்குடா!"

தடை விலகியது. மாதங்கியின் வண்டி ஒரு விரற்கடை முந்தி வந்தது.

பெயரை அழைத்தார்கள். அவள் வண்டியை மார்போடு அணைத்தபடி நகராமல் நின்றாள். ஆசிரியை இறங்கி வந்தார்.

"யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?"

"யாருக்கும் இல்ல டீச்சர். மரத்தை இழைச்சது நான். அச்சைத் தேய்ச்சது நான். ஈயத்தை வச்சு எடை சரிபார்த்தது நான். எங்க அப்பாவைக்கூடத் தொட விடல. கோப்பைக்காகப் பொய் சொல்லட்டுமா?"

"சொல்லாதே. வண்டியைத் தரையில் வை."

வைத்தாள்.

"ஓடச் சொல்."

"சமதரையில எப்படி டீச்சர் ஓடும்? மேல இருந்தாத்தானே ஓடும்."

"மேலே வைத்தது யார்?"

"செபஸ்தியான். ஆனா அது விதி. எனக்கு அவன் வச்சான், அவனுக்கு நான் வச்சேன். சரிக்குச் சரியாப் போச்சு."

ஆசிரியை உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு பச்சை நூல் இருந்தது. அச்சு வழுக்கத் தேய்க்கும் பென்சில் கரி படிந்து, சுருண்டு கிடந்தது.

மாதங்கிக்கு அது தெரிந்தது. அன்று காலையில் இன்னும் ஒரு முறை என்று அச்சைத் துடைத்தாளே, அந்தத் துணியின் நூல்.

"எங்க இருந்துச்சு டீச்சர்?"

"பின்சக்கரத்தில் சுற்றியிருந்தது. நகத்தால் எடுத்தான்."

ஏணியருகே செபஸ்தியான் தன் வண்டியின் சக்கரத்தைச் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தான்.

"விதிப்படிதானே வச்சான்..." என்றாள் மாதங்கி. குரல் இறங்கியிருந்தது.

"ஏற்றி வைப்பது விதி. நூலை எடுப்பதும் விதியா?"

மாதங்கி தரையிலிருந்து வண்டியை எடுத்தாள்.

பின்னர் முடிவானவை இவை. வண்டி செபஸ்தியானின் வீட்டுக்குப் போயிற்று. கோப்பை மாதங்கியின் வீட்டுக்கு. "இது உங்களால் ஓடியது" என்று அவள் சொன்னபோது, "என்னடி, யாரோ மாதிரிப் பேசுற?" என்று அவன் கேட்டதைக் கூட்டம் முழுதும் கேட்டது. மறு ஆண்டு அவனுடைய வண்டியைக் கொண்டுபோனவளும் மாதங்கியே. உச்சியில் அவள் வெகுநேரம் குனிந்து நின்றதால், கீழிருந்தவர்கள் கூச்சலிட்டனர். நான்கு சக்கரங்களையும் பார்த்தாள். நூல் எதுவும் இருக்கவில்லை.