கேபினெட்டுக்குள் ஒட்டிய சீட்டு

குருவைத் தேடிக் காட்டுக்குப் போன கதைகள் நமக்கு நிறையத் தெரியும். குற்றாலிங்கம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிக்குப் போனார். அவருக்கு வயது அறுபத்தொன்று. குரு ரெபேக்காவுக்கு முப்பத்தாறு. வேறு யாரும் தொடாத பழைய கம்ப்யூட்டர் என்றால் ரிப்பேருக்கு அந்த மாடிக்குத்தான் வரும்.

தொலைபேசி இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் கேபிள் இணைத்தவர் குற்றாலிங்கம். ஒரு குழாய்க்குள் நானூறு வயர் இருந்தாலும் நிறத்தைப் பார்த்தே ஜோடி சேர்த்துவிடுவார். நிறம்தான் அவருக்கு வேதம்.

முதல் நாள் ரெபேக்கா ஒரு பழைய மதர்போர்டை அவர் முன்னால் வைத்தார். அதன் ஓரத்தில் ஒன்பது பின்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பவர் பட்டன், ரீசெட் பட்டன், இரண்டு விளக்குகள், எல்லா வயரும் முன்பக்கத்திலிருந்து அங்கேதான் வந்து சேர வேண்டும். எந்தப் பின் எதற்கு என்று போர்டில் ஓர் எழுத்துகூட இல்லை.

"எழுத்தும் இல்ல, புத்தகமும் இல்ல. எப்படிக் கண்டுபிடிக்கது குருவம்மா?" என்றார் குற்றாலிங்கம்.

ரெபேக்கா வோல்ட் அளக்கும் மீட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மூன்று மாதத்தில் குற்றாலிங்கம் நிறத்தை நம்புவதை விட்டார். சிவப்பு வயர் வோல்டே இல்லாத கிரவுண்டுக்குப் போவதையும், கறுப்பு வயரில் ஐந்து வோல்ட் வருவதையும் கண்ணால் பார்த்த பிறகு விடாமல் என்ன செய்வார்? நம்புவதற்கு அவருக்கு வேறொன்று கிடைத்திருந்தது. குருவம்மா சொன்னால் சரி.

ஒரு வியாழக்கிழமை பார்வையற்றோர் பள்ளியிலிருந்து சங்கரவடிவு டீச்சர் ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரோடு வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. எலி புகுந்து முன்பக்க வயர்களை எல்லாம் கடித்துப்போட்டிருந்தது.

"பிரெய்ல் அச்சு மெஷின் இதுல மட்டும்தான் ஓடும். புது கம்ப்யூட்டர்ல அந்தக் கேபிள் சேராது. ஆறு பிள்ளைகளுக்குத் திங்கக்கிழமை பரீட்சை. வரலாறு இன்னும் பாதி அச்சடிக்கல," என்றார் டீச்சர்.

"நீங்க பாருங்க அண்ணாச்சி, நான் வயரோட புது சுவிட்ச் வாங்கிட்டு வாரேன்," என்று ரெபேக்கா கிளம்பினார். அவர் போனதும், பழைய டப்பாவில் அப்படி ஒரு சுவிட்ச் குற்றாலிங்கத்துக்கு அகப்பட்டுவிட்டது. கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் திறந்தவருக்கு முகம் மலர்ந்தது. உள்சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'பவர் பட்டன்: மேல்வரிசை மூணு, நாலு.' ரெபேக்காவின் கையெழுத்து. ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.

பக்கத்திலேயே மீட்டர் இருந்தது. அவர் தொடவில்லை. மூணிலும் நாலிலும் வயரைச் செருகினார். கரண்ட் கொடுத்துப் பட்டனை அமுக்கினார்.

'சட்' என்று ஒரு சத்தம்.

"ஏதோ கருகுதே," என்றார் சங்கரவடிவு டீச்சர், ஸ்டூலிலிருந்து எழுந்து.

குற்றாலிங்கம் பாய்ந்து கரண்டை நிறுத்தினார். ஆறு பிள்ளைகள் என்ற சொல்தான் காதில் நின்றது. ரெபேக்கா படியேறி வரும்போது அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"அளந்தியளா?"

"உங்க கையெழுத்து இருந்துச்சு குருவம்மா."

"மீட்டருக்கு என் கையெழுத்து தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டார். திரும்பி, "டீச்சர், தப்பு எங்க கடையோடது. சரிபண்ணாம உங்களை அனுப்ப மாட்டோம். நடுவுல இதை யாராவது பிரிச்சாங்களா?" என்றார்.

"மூணு வருஷம் முன்னால இடி விழுந்தப்ப ஒருத்தர் வந்து உள்ள எதையோ மாத்துனாரு. என்னன்னு எனக்குத் தெரியாதும்மா."

ரெபேக்கா லென்ஸை வைத்துத் தேடினார். போர்டில் முடியளவு ஒரு செம்புக் கோடு கருகிப்போயிருந்தது. அதன் மேலே ஒரு மெல்லிய வயரைப் பாலம் போலப் பற்றவைத்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியைக் குற்றாலிங்கத்துக்குக் கொடுத்தார்.

"இன்னொரு தடவை நான் தொட மாட்டேன்."

"நீங்கதான் தொடணும்."

குற்றாலிங்கம் மீட்டரின் ஒரு முனையை போர்டின் திருகு ஓட்டையில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு பின்னாகத் தொட்டார். மீட்டர் 'பீப்' என்று கத்திய பின்களெல்லாம் கிரவுண்ட். கரண்ட் கொடுத்து மறுபடி அளந்தார். ஒரு பின்னில் முழுசாக ஐந்து வோல்ட், அதுதான் சற்றுமுன் போர்டைச் சுட்டது. இன்னொன்றில் மூன்று சொச்சம்.

"பவர் பட்டனுக்கு இதுவா இருக்குமோ?"

"கேக்காதிய. அதுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல, கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர் வச்சுத் தொடுங்க. தப்பாத் தொட்டாலும் போர்டு தாங்கிக்கிடும்."

தொட்டார். விசிறி சுழன்றது.

"ஓடுது!" என்று முதலில் சொன்னது சங்கரவடிவு டீச்சர்தான். குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கமில்லை.

வயரெல்லாம் மாட்டி முடித்ததும், உள்சுவரில் இருந்த சீட்டைக் கோபத்தோடு பிய்த்தார்.

"அதை ஏன் கிழிக்கிய?"

"பொய்தானே குருவம்மா?"

"பொய் இல்ல. அன்னைக்கு உள்ள இருந்த போர்டுக்கு அது சரி. அளந்துதான் எழுதினேன். போர்டு மாறிப்போச்சு, சீட்டு அங்கேயே இருந்துட்டு."

குற்றாலிங்கம் பிய்த்த சீட்டை மேசையில் வைத்தார். நிறம் போயிற்று. இப்போது இதுவுமா?

"அப்போ உங்க சொல்லையும் நம்பக் கூடாதா?"

ரெபேக்கா ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். "இந்த போர்டுக்கு நீங்க எழுதுங்க."

சுட்ட பின்னையும் சேர்த்து, அளந்ததை அளந்தபடி எழுதினார். எதற்கென்று தெரியாத இரண்டு பின்களுக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதினார். தேதி போட்டார். சுவரில் ஒட்டாமல் போர்டிலேயே ஒட்டப் போனவரை ரெபேக்கா நிறுத்தினார்.

"கடைசியில 'அளந்து பார்'னு ஒரு வரி போடுங்க."

குற்றாலிங்கம் பேனாவை மறுபடி எடுத்தார்.

"அளந்துதான் பாக்கப்போறான்னா, அவனுக்கு என் சீட்டு என்னத்துக்கு குருவம்மா?"

"எந்தப் பின்னுல கை வைக்குமுன்ன பயப்படணும்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா அண்ணாச்சி?"