அட்டை சொன்ன கசப்பு

குளத்தங்கரைப் புல்வெளியில் குதிரைக் கூட்டம் ஒன்று மேய்ந்துவந்தது. அந்தக் கூட்டத்தில் தொற்றுக் காய்ச்சல் ஒன்று பரவியது. வெளியே பார்த்தால் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்கக் குளத்து அட்டை ஒன்றால்தான் முடியும்.

முள்ளால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை இலையில் விடுவார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் புது முள், புது இலை. அட்டை அதைச் சுவைத்துப் பார்க்கும். நல்ல ரத்தம் உப்புக் கரிக்கும். நோய் ரத்தம் கசக்கும்.

கசப்பு என்று அட்டை சொல்லிவிட்டால், அந்தக் குதிரை ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும். தலைவன் கரும்பிடரி போட்ட சட்டம் அது. அக்கரையில் புலி இருந்தது. இதுவரை போன ஏழும் திரும்பவில்லை.

அன்று கடுமையான வெயில். வரிசையும் நீளம். தும்பை என்ற கிழக்குதிரையின் ரத்தம் கசந்தது. அடுத்து நின்ற செவலையின் ரத்தமும் கசந்தது.

செவலைக்குப் பத்து நாள் குட்டி இருந்தது. குட்டி இக்கரையிலேயே இருக்கட்டும் என்றது தலைவன். பாலில்லாமல் அது பிழைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அட்டை இதுவரை பொய் சொன்னதில்லை," என்றது கரும்பிடரி.

"பொய் சொல்லாது, தலைவரே. ஆனால் தவறிப்போகாதா?" என்று கேட்டது செவலை.

அட்டைக்குச் சுருக்கென்றது. அதற்குள் கரையிலிருந்த தவளை வாயைத் திறந்தது.

"அட்டையாரே, ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவே தண்ணீரில் முங்கி வாய் கொப்பளிப்பீரே! இன்றைக்கு உம்மைக் குளத்துப் பக்கமே காணோமே?"

குதிரைகள் சிரித்தன. அட்டை சிரிக்கவில்லை. அவசரத்தில் அது வாய் கழுவவே இல்லை. தும்பையின் கசப்பு வாயில் ஒட்டியிருக்கலாம். செவலைக்கு உண்மையிலேயே நோய் இருக்கவும் கூடும். எது என்று அதற்கே தெரியவில்லை. ஒப்புக்கொண்டால் இனி யார் நம்புவார்கள்? பேசாமல் இருந்துவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை.

குட்டி தாயின் மடியை முட்டிப் பால் தேடியது.

அட்டை தும்பையின் சொட்டை மறுபடியும் சுவைத்தது. பிறகு தலைவனிடம் ஒரு சொட்டு ரத்தம் கேட்டது. வாய் கழுவாமலே அதையும் சுவைத்தது.

"நீங்களும் கசக்கிறீர்கள், தலைவரே."

கரும்பிடரி ஓரடி பின்வாங்கியது. அட்டை நடந்ததைச் சொன்னது. குளத்தில் முங்கி நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு வந்து, தலைவனின் புதுச் சொட்டு ஒன்றைச் சுவைத்தது. உப்புக் கரித்தது. மறுபடி முங்கி எழுந்து செவலையின் புதுச் சொட்டைச் சுவைத்தது. அதுவும் உப்பு.

தும்பையின் சொட்டு மட்டும் வாய் கழுவிய பிறகும் கசந்தது. அந்தக் கிழக்குதிரை ஆற்றை நோக்கி நடந்தது. சில அடி போனபின் நின்று திரும்பிப் பார்த்தது.

"எனக்கு முன்னால் போனார்களே ஏழு பேர், அவர்களுடைய சொட்டுக்கு வாய் கழுவினாயா?"



"எனக்கு நினைவில்லை," என்றது அட்டை.

குதிரைகள் எல்லாம் அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றன.

ஒரு சோதனையின் முடிவை வைத்து ஓர் உயிரின் கதியைத் தீர்மானிக்கும் முன், அந்தச் சோதனையையே சோதித்துப் பார்க்க வேண்டும்.