நாய்க்கு அளவுச்சட்டை

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் மிச்சமிருக்கிற என் மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும்.

எங்கள் எஸ்டேட் முதலாளி பூபாலன், தன் நாய் டைகருக்குக் குளிர்கோட்டு தைக்கத் தையல்காரர் சவரிமுத்துவை வரச் சொன்னார். தேயிலைக் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"டைகர் நாயில்லய்யா, அச்சு அசலா நானேதான். உன் கை அவன்மேல படக்கூடாது. கோட்டு ஒரு விரல்கடை பிசகினாலும் என் எஸ்டேட்ல இருக்கிற உன் கடையைக் காலி பண்ணிடணும்" என்றார் முதலாளி.

சவரிமுத்து டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "சரிங்க முதலாளி. அப்ப அளவுக்கு ஒரு பழைய சட்டை கொடுங்க."

"அவனுக்கு ஏதுய்யா சட்டை?"

"அச்சு அசலா நீங்கதானே? உங்க கோட்டைக் கழட்டிக் கொடுங்க, அதை வச்சே வெட்டிடறேன். வாலுக்கு எங்க ஓட்டை விடணும்னு மட்டும் திரும்பி நின்னு காட்டிடுங்க."

கூடைகளுக்குப் பின்னால் சிரிப்பு கிளம்பியது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், அது நாய்யா. நான் மனுசன்."

"நாய்தானா? அப்ப தொட்டே அளக்கலாமே. கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

முதலாளி மண்டிபோட்டு நாயைப் பிடித்துக்கொண்டார். கோட்டு கச்சிதமாக அமைந்தது, கடையும் பிழைத்தது.

சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். டைகரின் பேரன் எங்கள் தெருவில்தான் திரிகிறான். தாத்தாவை நாய் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது.