ஹவில்தார் பேசாமல் இருந்த பகல்

"மேடம், நான் படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்."

தவசிமுத்து உட்காரவில்லை. கதவை ஒட்டி விறைப்பாக நின்றபடியே சொன்னான்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்கண்ணே."

"இல்ல மேடம். சொல்லிட்டுப் போயிடறேன்."

"அண்ணாந்து பார்த்தே பேசுனா எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும்."

உட்கார்ந்தான்.

அவள் குரு, அவன் சீடன். ஆனால் குருவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சீடனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவன். ஊரில் எல்லோரும் செக்யூரிட்டி வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவன் போய்ச் சமூகப் பணி முதுகலையில் சேர்ந்தான். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அவன் மகள் வயது.

வாரத்தில் பாதி கல்லூரி, மீதி களப்பணி. களப்பணிக்கு அவனை அனுப்பியது மதுரையில் ஒரு குடிநோய் மீட்பு மையத்துக்கு. அங்கே அவனுக்கு மேற்பார்வையாளர் ஜெசிந்தா. பாடம் கல்லூரியில். வேலை இவளிடம்.

"என்ன ஆச்சு?"

"காலையில மார்ச்சுவரிக்குப் போயிட்டு வர்றேன்."

ஜெசிந்தா கையில் இருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"ஆத்துக்குள்ள ஒரு ஆம்பளைப் பொணம் கிடந்துச்சுன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. ஓடுனேன். துணியை விலக்கிக் காட்டுனாங்க."

ஜெசிந்தா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் தேடிக்கிட்டிருக்கற சோலைராசு இல்ல. வேற யாரோ."

"ம்."

"இல்லைன்னு தெரிஞ்சதும் சிரிச்சுட்டேன் மேடம். ஒரு பொணத்துக்கு முன்னால நின்னு சிரிச்சுட்டேன். அங்க இருந்தவரு என்னை ஒரு மாதிரியா பார்த்தாரு."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"அந்த மனுசனும் யாருக்கோ புருசனா இருப்பான். நான் சிரிச்சேன். நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல மேடம்."



சோலைராசு பெயிண்டர். செல்லூர்க்காரன். மையத்தில் படுத்துச் சிகிச்சை எடுத்து, குடியை விட்டு, வீட்டுக்குப் போனவன். வாராவாரம் மையத்துக்கு வந்து பேசிவிட்டுப் போக வேண்டும். அவனோடு பேசும் பொறுப்பு தவசிமுத்துவுக்கு. இவனுக்குக் கிடைத்த முதல் ஆள் அவன்தான்.

தவசிமுத்து உயிரைக் கொடுத்து வேலை பார்த்தான். எந்தத் தெரு வழியாகப் போனால் டாஸ்மாக் கண்ணில் படாது என்று நடந்து பார்த்துச் சொன்னான். காலையில் ஓடச் சொன்னான். கூடவே ஓடினான். சோலைராசு முகம் தெளிய ஆரம்பித்தது. தவசிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அடுத்த மாசம் எங்க காலேஜ்ல விழா. உங்களை மேடையேத்தப் போறேன். குடியை ஜெயிச்ச மனுசன்னு சொல்லப் போறேன். அதுக்குள்ள வழுக்கிறக் கூடாது. ஆம்பளைன்னா நின்னு காட்டணும்" என்றான்.

"சரி சார்" என்றான் சோலைராசு.

அதற்கு அடுத்த வாரம் அவன் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

தவசிமுத்து வீட்டுக்குப் போனான். வெளியே போயிருக்கிறார் என்றாள் மனைவி. மறுநாள் போனான். அதையே சொன்னாள். பிறகு தினமும் போனான். அவள் சொல்வது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அழுகை மட்டும் மிஞ்சியது.

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?" என்றாள் ஜெசிந்தா.

"நானே கண்டுபிடிச்சிறலாம்னு நினைச்சேன்."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"அழுவுறாங்க. நான் தைரியம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேசன் எல்லாம் ஆள் விட்டிருக்கேன்னு சொன்னேன். போலீஸ்ல ஒரு கம்ப்ளைண்ட் குடுத்துறலாம்னேன். அய்யோ வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. பயந்துட்டாங்க பாவம். பயப்படாதீங்க, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவங்க பேரு என்ன?"

"யாரு பேரு?"

"அந்தம்மா பேரு."

தவசிமுத்துவுக்குத் தெரியவில்லை. சோலை மனைவி, சோலை மனைவி என்றே இத்தனை நாளும் ஓட்டியிருந்தான்.

ஜெசிந்தா எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள்.

"வாங்க. போவோம்."

"எங்க மேடம்?"

"செல்லூருக்கு. படிப்பை விடறதைச் சாயங்காலம் பேசிக்குவோம்."

கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

"அங்க நீங்க பேசக் கூடாதுண்ணே."

"தேவையில்லாம பேச மாட்டேன் மேடம்."

"தேவைன்னாலும்."

அவன் புல்லட்டில் முன்னால் போனான். அவள் ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். செல்லூர் சந்துக்குள் புல்லட் நுழைந்ததும் இரண்டு பக்கச் சுவர்களும் அதிர்ந்தன. நாய்கள் எழுந்து வழிவிட்டன.

ஒற்றை அறை வீடு. தடுப்புக்கு ஒரு சேலை. அந்தப் பக்கம் அடுப்பு. மேலே சிமெண்டுப் பரண். பரண் விளிம்பு வரை பெயிண்ட் டப்பாக்கள்.

சோலைராசுவின் மனைவி கதவைத் திறந்தாள். தவசிமுத்துவைப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது.

"கவலைப்..." என்று ஆரம்பித்தான்.

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். அவன் மீதியை விழுங்கினான்.

பாய் விரித்தாள். உட்கார்ந்தார்கள்.

"நான் ஜெசிந்தா. சென்டர்ல இருந்து வர்றேன். உங்க பேரு என்னக்கா?"

அவள் ஒரு கணம் திகைத்தாள். யாரைக் கேட்கிறார்கள் என்பது போல.

"அழகுமீனாங்க."

"நல்லாருக்கீங்களா?"

"இருக்கேங்க."

அவ்வளவுதான். ஜெசிந்தா அதற்கு மேல் கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அழகுமீனா அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தெருக் குழாயில் யாரோ குடத்தை இடித்தார்கள்.

தவசிமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லையில் பனிக்குள் காவல் நின்றிருக்கிறான். அது இதைவிடச் சுலபம். கேட்க வேண்டியவை தொண்டை வரை வந்து நின்றன. சொந்தக்காரர் வீடுகளில் விசாரித்தீர்களா? செலவுக்கு என்ன செய்கிறீர்கள்? தைரியமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான்.

இறக்க இறக்க, எதிரே இருந்தவள் கண்ணுக்குத் தெரிந்தாள். சின்ன வயசுதான். உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள். சேலை முந்தானையைக் கயிறு போல் முறுக்கிக்கொண்டிருந்தாள். காணாமல் போனவனை நினைத்து அழுகிறவளின் முகம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பனியில் தொலைந்த வீரர்களின் வீடுகளுக்குச் சேதி சொல்லப் போயிருக்கிறான்.

இந்த முகம் அது இல்லை.

இவள் ஏதோ சுமந்துகொண்டிருக்கிறாள். இறக்கி வைக்க இடம் தேடுகிறாள்.

"டீ போடட்டுங்களா?" என்றாள் அழகுமீனா.

"வேணாம்க்கா" என்றாள் ஜெசிந்தா.

மறுபடி மின்விசிறிச் சத்தம்.

அழகுமீனா ஜெசிந்தாவைப் பார்த்தாள். தவசிமுத்துவைப் பார்த்தாள். இந்த மனுசன் வாயை மூடிக்கொண்டு இருப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"சாருக்கு உடம்பு சரியில்லைங்களா?"

"நல்லாத்தான் இருக்காரு."

"முகம் வாடிப் போயிருக்கே."

"காலையில மார்ச்சுவரிக்குப் போயிருந்தாரு. ஆத்துல கிடந்த ஒருத்தர் சோலைராசுவா இருக்குமோன்னு பார்க்க."

அழகுமீனாவின் கையிலிருந்து முந்தானை நழுவியது.

"எந்த ஆத்துல? எதுக்கு? அய்யோ சாமி!"

தலையில் அடித்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணிட்டேன் சார். மன்னிச்சிருங்க. எத்தனையோ தடவை சொல்லிறலாம்னு வாயெடுத்தேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்களா, எங்கன நுழைஞ்சு சொல்றதுன்னு தெரியல. ஆள் விட்டிருக்கேன்னீங்க. போலீசுன்னீங்க. பொய் பெருசாகிக்கிட்டே போச்சு சார். எனக்குச் சோறு இறங்கல."

அவள் பரணைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ்! எறங்குய்யா கீழ! உன்னைப் பொணக்கிடங்குல தேடிட்டு வந்திருக்காரு!"

பெயிண்ட் டப்பா ஒன்று உருண்டது.

முதலில் ஒரு கால் தெரிந்தது. பிறகு இன்னொன்று. கைலியைப் பிடித்துக்கொண்டு சோலைராசு தொங்கி இறங்கினான். தலை முழுக்க ஒட்டடை.

"வெளியூருக்கெல்லாம் போகல சார்" என்றாள் அழகுமீனா. "ராவுல இங்கதான் தூங்குவாரு. உங்க வண்டிச் சத்தம் சந்து முனையில கேட்டாப் போதும், விறுவிறுன்னு மேல ஏறிருவாரு."

தவசிமுத்து எழுந்து நின்றான்.

காலையில் துணிக்கடியில் பார்த்த முகம் இன்னும் கண்ணுக்குள் இருந்தது. அதற்கு முன்னால் இப்போது இந்த முகம் வந்து நின்றது. தூசி படிந்த, முழிக்கிற, மூச்சு விடுகிற முகம்.

திட்ட வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பட்டாளத்துக் கெட்ட வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.

ஜெசிந்தாவைப் பார்க்கவே இல்லை அவன். கையை நீட்டி, சோலைராசுவின் முடியில் தொங்கிய ஒட்டடையை எடுத்தான். இன்னொரு பக்கமும் இருந்தது. அதையும் எடுத்தான்.

சோலைராசு அப்படியே குந்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"குடிச்சுட்டேன் சார்."

தவசிமுத்துவும் எதிரே உட்கார்ந்தான்.

"மச்சான் வீட்டுக் காதுகுத்து. ஊத்திக் குடுத்தாங்க. குடிச்சுட்டேன். காலையில எந்திரிச்சதும் உங்க ஞாபகம்தான் சார். மேடைன்னீங்களே, அது ஞாபகம்தான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? குடிக்காம இருக்கறது கஷ்டந்தான். ஆனா முடியுது. ஒவ்வொரு வாரமும் நான் வர்றப்ப நீங்க சந்தோசப்படறீங்களே சார், அதைப் பார்த்தாத்தான் பயமாருக்கு. இந்த மனுசன் மூஞ்சி சுருங்கிறக் கூடாதேன்னு ராத்திரியெல்லாம் உறக்கம் வராது. இப்படி ஒரு பயத்தை எங்கப்பாகிட்டகூட நான் பட்டதில்ல."

தவசிமுத்து முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டான்.

ஜெசிந்தாதான் கேட்டாள்.

"அதுக்கப்புறம் குடிச்சீங்களா?"

"இல்லக்கா."

"ஒரு தடவைகூட?"

"இந்தம்மாவைக் கேளுங்க. தினம் சார் வந்துருவாரு. பரண்ல ஏறிப் படுத்துக்கிட்டு எங்கிட்டுப் போய்க் குடிக்கிறது?"

அழகுமீனாதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. பிறகு ஜெசிந்தா. பிறகு, அழுதுகொண்டிருந்தவனே.

தவசிமுத்து சிரித்த சிரிப்பில் தெருக் குழாயடியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். காலையில் இருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் எந்த நேரத்தில் இறங்கிப் போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

"மேடை வேணாம் சோலை" என்றான் கடைசியில். அன்று அந்த வீட்டில் அவன் சொன்ன முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

"நாளைக்கு வரட்டுங்களா சார்?"

தலையாட்டினான்.

இப்போது டீ வந்தது. குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

தவசிமுத்து புல்லட்டைக் கிளப்பவில்லை. சந்து முனை வரை தள்ளிக்கொண்டே வந்தான். ஜெசிந்தா ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

"மேடம், அவன் பரண்ல இருக்கான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"சந்தேகமாவது?"

"ம்ஹூம்."

அவன் வண்டியை நிறுத்தினான்.

"அப்ப அவன் அங்க இல்லாமலே போயிருந்தா? நெசமாவே தொலைஞ்சு போயிருந்தா? நாம பேசாம உக்காந்திருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"அப்பவும் மீனாக்கா பக்கத்துல நாம உக்காந்திருந்திருப்போம்ணே."