பஞ்சாரத்துக்குள் ஒரு மாதுளை

ஏரியும் தோப்பும் ஒரே ராஜாவின் கைக்குள் இருந்த காலம் அது, கண்ணுகளா. அந்த ராஜாவின் பெயர் வானளந்தான். பெயர்தான் அப்படி. ஆள் குட்டை. கூட்டத்துக்குள் வந்தால் கிரீடம் மட்டும்தான் கண்ணில் படும்.

பட்டத்துக்கு வந்ததும் அவர் போட்ட முதல் சட்டம் இது: "என் நாட்டில் குட்டை மரமே கூடாது. தாழ்ந்த கிளையும் கூடாது. மீறி வளர்த்தால் ஊரைவிட்டே துரத்துவேன்!"

குட்டையாக எதைப் பார்த்தாலும் ஜனங்கள் தன்னை நினைத்துச் சிரிப்பார்களோ என்று அவருக்குப் பயம்.

காவலர்கள் எலுமிச்சையை வெட்டினார்கள். கொய்யாவை வெட்டினார்கள். மாதுளையை வெட்டினார்கள். மாமரங்களில் தாழ்ந்த கிளைகளையெல்லாம் கழித்துப் போட்டார்கள்.

ஆனி மாதம் வந்தது. புது ராஜா தரையில் நின்றபடியே தன் கையால் ஒரு பழம் பறிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஏரி மடையைத் திறப்பார்கள். அந்த நாட்டு வழக்கம் அப்படி. வயலில் நாற்று வாடிக்கொண்டிருந்தது. ஊரே மாந்தோப்பில் கூடி நின்றது.

ராஜா கையை நீட்டினார். எட்டவில்லை. எக்கிப் பார்த்தார். எட்டவில்லை. குதித்தார். கிரீடம்தான் கழன்று உருண்டது.

"கிளை கொஞ்சம் தாழ்வாக இருந்திருக்கலாம்" என்றார் மந்திரி, மெல்ல.

"இருந்துச்சே! வெட்டிப்புட்டாங்களே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

ராஜாவுக்குக் காது சுட்டது. நாற்று காய்ந்தால் நாடே பட்டினி. அதுவும் தன்னால்.

அப்போது கோழி வளர்க்கிற பூவாயி, பஞ்சாரம் கவிழ்த்த ஒரு பழைய பானையைச் சுமந்துவந்து இறக்கினாள். கோழியை மூடுகிற அந்தக் கூடையைத் தூக்கினால், உள்ளே ஒரு மாதுளை மரம்! ராஜாவின் இடுப்புயரம்கூட இல்லை. ஏழு பழம் தொங்கியது.

"இது வெட்ட வேண்டிய மரமாச்சே!" என்றார் ராஜா.

"ஆமாங்க மகாராசா. முதல்ல பழத்தப் பறிங்க. அப்புறமா மரத்தையும் வெட்டிக்கலாம், என்னையும் துரத்திக்கலாம்."

ராஜா பறித்தார். மடை திறந்தது. தண்ணீர் ஓடியது.

பழத்தைத் தின்றுகொண்டே, "பானைக்குள் வைத்த மரம் இப்படிக் காய்க்குமா?" என்று கேட்டார்.

"எல்லாம் உங்க காவக்காரங்க புண்ணியந்தாங்க. அவங்க வந்தா பஞ்சாரத்தப் போட்டு மூடிடுவேன். வெளிய நீட்டுன கொழுந்தையெல்லாம் கிள்ளிக்கிட்டே இருந்தேன். கிள்ளக் கிள்ளப் பக்கமெல்லாம் தளிர் விட்டு, காய்ச்சுத் தள்ளிருச்சு!"

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பட்டத்துக்கு வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். சட்டம் எழுதிய ஓலை பூவாயியின் அடுப்புக்குப் போனது.

அதன் பிறகு அரண்மனை வாசலில் இரண்டு பானை மாதுளையை வைத்து, நடுவில் நின்றுதான் அவர் ஜனங்களைப் பார்ப்பார். அங்கே அவர்தானே நெட்டை!

தன் குறையை மறைக்க நினைத்து வெட்டுகிறவர், தனக்குக் கைகொடுக்க இருப்பதையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்.