இலையில் வைத்த டப்பி

'டிக்' என்று ஒரு சத்தம். அடுக்களையில் வடை தட்டிக்கொண்டிருந்த மரகதத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. புகையிலை டப்பியின் மூடி திறக்கிற சத்தம் அது. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட சத்தம். டப்பிக்குச் சொந்தக்காரரான அவள் புருஷன் சென்னியப்பன் செத்து அன்றோடு பதினாறு நாள்.

ஓடிவந்து பார்த்தாள். கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சோறு, கறிக்குழம்பு, அவருக்கு உயிரான தேங்காய்ப் பன். இலையின் ஓரத்தில் டப்பியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார் அவருடைய அண்ணன் கருப்பணன்.

"அதை எடுங்க மாமா."

"எப்படி அம்மணி எடுக்கறது? எனக்குப் பிடிச்சது ஒண்ணு விடாம இலையில இருக்கோணும்னு என் முன்னாலதான எழுதிக் காட்டுனான்? நீயும் தலையாட்டுனயே."

உண்மைதான். சென்னியப்பன் விசைத்தறி ஓட்டியவர். ராத்திரி ஷிப்டில் கண் சொக்காமலிருக்கக் கன்னத்தில் புகையிலை அடக்க ஆரம்பித்து, கடைசியில் தூங்கும்போதுகூட அதைத் துப்பாமல் ஆனார். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. சூட்டுப் புண் என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது புற்றாகித் தாடைக்குள் இறங்கியிருந்தது. அறுத்தார்கள். அதன்பின் பேச்சில்லை, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவதுதான்.

மரகதத்திடம் இன்னொரு தாளும் இருந்தது. அவரோடு தறி ஓட்டிய நாச்சிமுத்து ஒருநாள் புகையிலையால் கன்னம் உப்ப வந்து பார்த்துவிட்டுப் போனபின் அவர் எழுதியது: 'என் புகையிலை இன்னொரு வாய்க்குப் போகக் கூடாது.' அதற்கும் அவள் தலையாட்டியிருந்தாள்.

சென்னியப்பன் வீட்டுப் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம். படைத்ததில் ஒரு பருக்கை வீணாகக் கூடாது. வந்தவர்கள் பகிர்ந்து வாயில் போட்டாக வேண்டும். இல்லையென்றால் செத்தவர் பசியோடு அலைவாராம்.

"இதை யாரு வாயில போடறது மாமா? நீங்களா?"

"எனக்கேது அந்தப் பழக்கம்? அதுக்குத்தான் நாச்சிமுத்து இருக்கறானே. மூட்டையோட வெச்சாலும் மிச்சம் வெக்க மாட்டான்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரிக்கப் பார்த்தான். புகையிலையால் இறுகிப்போன வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மரகதம் அதைக் கண்டாள். கற்பூரத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள்.

"டப்பி இருக்கற வரைக்கும் நான் ஏத்த மாட்டேன்" என்று தன்னிடமிருந்த அந்தத் தாளை நீட்டினாள்.

நாச்சிமுத்துதான் வாங்கிப் படித்தான். ஒரே வரிதான், ரொம்ப நேரம் படித்தான். பிறகு இடுப்பிலிருந்து தன் பொட்டலத்தை எடுத்து டப்பிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுவும் சென்னியப்பண்ணனுக்கே இருக்கட்டுங்க. ஏத்துங்க அக்கா. ஆனா இது ரெண்டையும் எவனும் தொடக் கூடாது. முடிஞ்சதும் கொல்லையில குழி வெட்டி நானே மூடிடறேன்."

"படைச்சதைப் புதைக்கறதா? குடும்பத்துக்கே ஆகாதுடா!" என்று கத்தினார் கருப்பணன்.

டப்பி இலையில் இருக்கட்டும் என்றார் அண்ணன். இருக்கவே கூடாது என்றாள் மனைவி. இருக்கட்டும், ஆனால் மண்ணுக்குப் போகட்டும் என்றான் கூட்டாளி. கேட்டவர்கள் சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி?

விடை: நாச்சிமுத்து. இலையில் இருக்க வேண்டும் என்றார் சென்னியப்பன், இருந்தது. இன்னொரு வாய்க்குப் போகக் கூடாது என்றார், போகவில்லை. கெட்டது வழக்கம் ஒன்றுதான். அதைக் காப்பதாக யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. மற்ற இருவரும் ஆளுக்கொரு வாக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விட்டார்கள். ஆனாலும் மரகதம் பிடித்துக்கொண்டது உயிரோடிருக்கிற ஒருவனுக்காக. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கற்பூரம் ஏற்றினாள். குழியை மூடிவிட்டு மண் ஒட்டிய கையோடு வந்த நாச்சிமுத்துவிடம், "வாயைக் காட்டறதுக்கு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம், நானும் வாரேன்" என்றாள். "சரிங்க அக்கா. ஆனா புகையிலை இல்லாம இன்னைக்கு ராத்திரி ஷிப்டை எப்படி ஓட்டறதுங்க?" என்று கேட்டான். துக்க வீடு என்று பதினாறு நாளாக அக்கம்பக்கத்தார் கழுவிக் கொடுத்த பாத்திரங்களை மரகதம் இன்று தானே குழாயடிக்குத் தூக்கிப் போய், தேய்க்க உட்கார்ந்தாள்.